கேட் எட்டு மணிக்கு மூடும்!

*படிக்க நகரத்துக்கு வந்தாகிவிட்டது. நகரம் கிடைத்ததா? மாணவியர் விடுதிகளின் ‘இன்-டைம்’ எதையெல்லாம் பறிக்கிறது?*

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மாலை ஏழு மணி. சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கான கூடத்தில் காலி நாற்காலி இல்லை. ஒரு மேஜையில் நான்கு பேர் குரூப் 2 தேர்வுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். கூட்டு வட்டிக் கணக்கு பாதியில் நிற்கிறது. ஏழு பத்துக்கு ஒரு பெண்ணின் கைப்பேசி அதிர்கிறது. அழைப்பு இல்லை, அலாரம். அவள் எதுவும் சொல்லாமலே பக்கத்தில் இருப்பவளும் நோட்டை மூடுகிறாள். “மீதியைப் போட்டுட்டு போட்டோ எடுத்து அனுப்பிடு” என்று பையன்களிடம் சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலைப் பையில் திணித்துக்கொண்டு இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடுகிறார்கள். எட்டு மணிக்குள் விடுதியில் கையெழுத்துப் போட வேண்டும்.

நூலகம் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும்.

ஏழேகாலுக்கும் ஒன்பதுக்கும் இடையே ஒன்றே முக்கால் மணி நேரம். வாரத்துக்கு ஆறு நாள் என்று வைத்தாலும் பத்து மணி நேரத்துக்கு மேல் போகிறது. எழுதப்போவது ஒரே தேர்வு. பையன்களுக்கு இருக்கும் அந்தப் பத்து மணி நேரம் இந்தப் பெண்களுக்கு இல்லை. இதைப் பற்றி யாரும் பெரிதாகப் புகார் சொல்வதுகூட இல்லை. “ஹாஸ்டல்னா அப்படித்தான்” என்று பழகிப்போயிருக்கிறது.

ஒரே வளாகம், இரண்டு கடிகாரம்

ஒரு கல்லூரியில் சேர்ந்ததும் மாணவிக்கு நேர அட்டவணைகள் இரண்டு கிடைக்கின்றன. ஒன்று வகுப்புக்கு, மற்றது விடுதிக்கு. மாலை ஆறரை, ஏழு, எட்டு என்று இடத்துக்கு இடம் மாறினாலும் விடுதி விதிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வெளியே போக அவுட்பாஸ் எழுத வேண்டும். காரணம் எழுத வேண்டும். பதிவேட்டில் இருக்கும் அப்பாவின் எண்ணுக்கு வார்டன் போன் செய்து கேட்பார். சில இடங்களில் விரல் ரேகை வைத்ததும் வீட்டுக்கு எஸ்.எம்.எஸ். போய்விடும். வார இறுதியில் உறவினர் வீட்டுக்குப் போவதென்றால் முன்பே எழுதிக் கொடுத்த ‘லோக்கல் கார்டியன்’ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள் இவர்கள். ஓட்டுப் போடுகிறார்கள், வண்டி ஓட்டும் உரிமம் வைத்திருக்கிறார்கள், கல்விக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அதே வளாகத்தின் ஆண்கள் விடுதிக்கும் காகிதத்தில் ஒரு நேரம் இருக்கும். ஆனால் பத்து மணிக்கு மேல் டீக்கடையில் நிற்கும் பையனை யாரும் வீட்டுக்குப் போன் செய்து காட்டிக்கொடுப்பதில்லை.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் உயர்கல்வி படிக்கும் 4.33 கோடி பேரில் 2.07 கோடிப் பேர் பெண்கள். கிட்டத்தட்டச் சரிபாதி. உயர்கல்விச் சேர்க்கையில் தேசிய விகிதம் 28.4 என்றால் தமிழ்நாட்டின் விகிதம் 47. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்திலிருந்தே சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெண்ணைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து சேர்ப்பதில் இந்த மாநிலம் செய்திருப்பது பெரிய காரியம். ஆனால் இலவசப் பேருந்தில் ஏறி மாலை எங்கே போகலாம் என்பதை இன்னும் விடுதி கேட்தான் முடிவு செய்கிறது.

திருவல்லிக்கேணி யாருடையது?

வேலைக்கும் படிப்புக்கும் சென்னைக்கு வந்த ஆண்களுக்கு எப்போதும் ஒரு முகவரி இருந்தது: திருவல்லிக்கேணி மேன்ஷன். ஒரு கட்டில், சுவரில் ஓர் ஆணி, மாடியில் துணி காயப்போட ஒரு கொடி. வசதி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கீழே இறங்கினால் மெஸ் இருந்தது, பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகள் இருந்தன, பத்து நிமிட நடையில் மெரினா இருந்தது. இரவு இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு நடந்தே திரும்பலாம். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. தென்மாவட்டத்திலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்த எத்தனையோ பேர் அந்த அறைகளிலிருந்துதான் பத்திரிகையாளரானார்கள், உதவி இயக்குநரானார்கள், அரசு ஊழியரானார்கள். எந்த அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள், எந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நல்லது, எந்த எடிட்டரை எப்போது போய்ப் பார்க்கலாம் என்பதெல்லாம் டீக்கடை பெஞ்சில் இரவு பத்து மணிக்குத்தான் தெரியவரும்.

பெண்களுக்கு அப்படி ஒரு மேன்ஷன் இந்த ஊரில் உருவாகவே இல்லை. உருவானது லேடீஸ் ஹாஸ்டல்.

அதன் அருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. அதே கடற்கரைச் சாலையில், இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில், நூறு ஆண்டுகளுக்கு முன் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். சற்றுத் தள்ளி 1914இல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரி. தலை மழிக்கப்பட்டு மூலையில் உட்காரவைக்கப்பட்ட சிறுமிகள் ஆசிரியைகளாக வெளியே வந்ததற்கு, தங்குவதற்கு ஒரு கூரை கிடைத்ததுதான் முதல் காரணம். விடுதி இல்லையென்றால் படிப்பே இல்லை என்ற நிலை இன்றும் கிராமத்துப் பெண்களுக்கு மாறிவிடவில்லை. அரசு மாணவர் விடுதிகள் எல்லாவற்றுக்கும் ‘சமூகநீதி விடுதி’ என்று 2025 ஜூலையில் பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பெயருக்கு இந்தப் பெண்களின் வாழ்க்கையில் நேரடியான பொருள் உண்டு.

அதனால்தான் கேள்வி கூர்மையாகிறது. விடுதி ஒரு பெண்ணை ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. சேர்த்த கையோடு ஊரை அவளிடமிருந்து ஏன் தள்ளிவைக்கிறது?

சென்னையின் பொதுவாழ்க்கை எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். டிசம்பர் சீசனின் முக்கியக் கச்சேரிகள் மாலை ஆறு, ஆறரைக்கு மேல்தான். புத்தகக் காட்சி இரவு எட்டரைக்கு முடியும், எழுத்தாளர்கள் வந்து சேர்வதே சாயங்காலம்தான். சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். ஆட்டம் ஏழரைக்கு ஆரம்பம். நாடக ஒத்திகை, திரைப்பட விழாவின் கடைசிக் காட்சி, புத்தக வெளியீடு, பயிற்சி மையத்தின் மாலை வகுப்பு எல்லாமே வேலை முடிந்து மக்கள் கூடும் நேரத்தில் வைக்கப்படுபவை. மெட்ரோ ரயில் இரவு பதினோரு மணி வரை ஓடுகிறது. ‘இரவில் வெளியே விட மாட்டோம்’ என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. உண்மையில் பறிபோவது மாலை.

> பெட்டிச் செய்தி: நீதிமன்றமும் ஆணைகளும்
>
> 2013: பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த குழுவின் ‘சக்ஷம்’ அறிக்கை, பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவியரைக் கண்காணிப்பதும் நடமாட்டத்தைத் தடுப்பதும் தீர்வல்ல என்றது. பின்னர் வந்த மானியக் குழுவின் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறைகளும், ஆண்கள் விடுதியோடு ஒப்பிட்டால் பாரபட்சமான விதிகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது என்கின்றன.
>
> 2015: டெல்லியில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் மாணவியரின் இரவு அனுமதியை ரத்து செய்ததிலிருந்து ‘பிஞ்ச்ரா தோட்’ இயக்கம் பிறந்தது. ‘கூண்டை உடை’ என்று பொருள்.
>
> 2018: சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழக மாணவர் பேரவைக்கு முதன்முறையாக ஒரு பெண் தலைவரானார். நீண்ட போராட்டத்துக்குப் பின் அந்த ஆண்டின் இறுதியில் பெண்கள் விடுதிகளின் நேரக் கட்டுப்பாடு தளர்ந்தது.
>
> 2019: கேரளத்தில் விடுதி மாணவியர் தொடுத்த வழக்குகளில், சினிமாவுக்குப் போவதைத் தடுக்கும் விதியும் கைப்பேசியைப் பிடுங்கிவைக்கும் விதியும் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பஹீமா ஷிரின் வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பானது.
>
> 2022: கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவியர் வழக்கு. அதையொட்டி, ஆண், பெண் இரு விடுதிகளுக்கும் ஒரே விதியைக் கேரள அரசு கொண்டுவந்தது.

கோழிக்கோட்டில் நடந்தது

கடைசியாகச் சொன்ன வழக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மருத்துவ மாணவியர் அவர்கள். இரவு வார்டில் நோயாளியைப் பார்ப்பதும், நள்ளிரவில் பிரசவம் பார்ப்பதும் பாடத்தின் பகுதி. ஆனால் விடுதியை விட்டு இரவு ஒன்பதரைக்கு மேல் வெளியே போக வேண்டுமென்றால் கேட் மூடியிருந்தது. இதை எதிர்த்து அவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள்.

வழக்கில் கேரள சுகாதாரப் பல்கலைக்கழகம் தாக்கல் செய்த பதில் இன்றும் படித்துப் பார்க்கத் தக்கது. இருபத்தைந்து வயதில்தான் மூளை முழு முதிர்ச்சி அடைகிறது, அதனால் அதற்கு முன் முழுச் சுதந்திரம் கொடுப்பது சமூகத்துக்கு நல்லதல்ல என்ற வாதம் அதில் இருந்தது. விடுதி என்பது இரவு வாழ்க்கைக்கான சுற்றுலா விடுதி அல்ல என்றும் சொல்லப்பட்டது. நீதிபதி தேவன் ராமச்சந்திரன் கேட்டது எளிமையான கேள்வி. பிரச்சினை செய்பவர்கள் ஆண்கள் என்றால், பூட்டிவைக்க வேண்டியது யாரை?

2022 டிசம்பர் 6ஆம் தேதி அரசாணை வந்தது. விடுதி நேரம் இரவு ஒன்பதரை, இருபாலருக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து அதற்குப் பிறகும் பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே வரலாம். இது முழுச் சுதந்திரம் இல்லை. ஆனாலும் ஒரு விஷயம் அடியோடு மாறிவிட்டது: தாமதமாக வருபவளுக்குக் கேட் திறக்கும்.

எட்டு ஐந்துக்கு வருபவள்

அது ஏன் இவ்வளவு முக்கியம்? தமிழ்நாட்டில் எந்த விடுதி மாணவியிடமும் கேளுங்கள். செங்கல்பட்டு மின்சார ரயில் தாம்பரத்தில் நின்றுவிட்டால், மழையில் ஓ.எம்.ஆர். அசையாமல் நின்றுவிட்டால், அவள் மனத்தில் ஓடுவது ஒரே கணக்கு. எட்டுக்குள் போய்விடுவோமா? அந்த அவசரத்தில் தெரிந்த பேருந்தை விட்டுவிட்டுத் தெரியாத ஷேர் ஆட்டோவில் ஏறுகிறாள். வெளிச்சமான சாலையை விட்டு இருட்டுக் குறுக்குச் சந்தில் ஓடுகிறாள். எட்டு ஐந்துக்கு வந்து சேர்ந்தால் வாட்ச்மேன், “வார்டன் மேடத்துகிட்ட பேசிட்டு வாம்மா” என்பார். மேடம் போனை எடுக்க மாட்டார். கேட்டுக்கு வெளியே, தெருவிளக்குக்குக் கீழே, பையோடு நிற்கும் பெண்ணைத் தெருவே பார்க்கும்.

இன்னொரு வகையும் உண்டு. நேரம் தவறிவிட்டது என்று தெரிந்ததும் சிலர் விடுதிக்குத் திரும்புவதே இல்லை. தோழி அறையிலோ, பேருந்து நிலையத்திலோ இரவைக் கழித்துவிட்டுக் காலையில், “ஊருக்குப் போயிருந்தேன்” என்று சொல்லி உள்ளே வருகிறார்கள். அம்மா சாட்சி சொல்ல வேண்டும். விதியை மீறியதை மறைக்க ஒரு பொய், பொய்யைக் காக்க இன்னொரு ஆள். அந்த இரவில் அவள் எங்கே இருக்கிறாள் என்பது நிர்வாகத்துக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது. பாதுகாப்புக்காகப் போட்ட விதி அவளை யார் கண்ணிலும் படாத இடத்துக்குத் தள்ளிவிடுகிறது.

புகார் ஏன் வருவதில்லை

இதைவிடப் பெரிய சேதம் ஒன்று இருக்கிறது. வழியில் ஒருவன் சீண்டினான் என்று வைத்துக்கொள்வோம். விடுதியில் போய்ச் சொன்னால் முதலில் வரும் கேள்வி, “அந்த நேரத்துல அங்க உனக்கு என்ன வேலை?” புகாரின் முதல் வரியே அவளுடைய குற்ற ஒப்புதலாகிவிடும். அவுட்பாஸில் எழுதிய இடம் ஒன்று, சம்பவம் நடந்த இடம் வேறு என்றால் முடிந்தது கதை. வீட்டுக்குத் தகவல் போகும், படிப்பே நிறுத்தப்படலாம். வாயை மூடிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று பெண்கள் கற்றுக்கொள்கிறார்கள். சீண்டியவனுக்கும் இது நன்றாகத் தெரியும்.

2017 செப்டம்பர் 21 அன்று வாரணாசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தது இதுதான். விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாணவியை மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் துன்புறுத்தினார்கள். நடவடிக்கை கேட்டவளிடம், ஏன் இவ்வளவு நேரம் கழித்து வந்தாய் என்று கேட்கப்பட்டது. மறுநாள் காலை மாணவியர் லங்கா வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது தெருவிளக்கு, கண்காணிப்பு கேமரா, பொறுப்பான காவலர்கள். 23ஆம் தேதி இரவு போலீஸ் தடியடி நடத்தியது.

நம் ஊரிலும் பார்த்தோம். 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவர் துணிந்து புகார் கொடுத்தார். ஆனால் முதல் தகவல் அறிக்கை கசிந்தது. அது எழுதப்பட்ட விதத்தைச் சென்னை உயர் நீதிமன்றமே கடுமையாகக் கண்டித்தது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்கு, குறைந்தது முப்பது ஆண்டுகள் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை கிடைத்தது. சம்பவத்துக்கும் தண்டனைக்கும் இடையே ஆறு மாதம்கூட இல்லை. ஒரு பெண் வாய் திறந்ததால் நடந்தது அது. வாய் திறக்கவிடாத விதிகளை வைத்துக்கொண்டு எந்தப் பாதுகாப்பைப் பேசுகிறோம்?

> பெட்டிச் செய்தி: ஆபத்து கேட்டுக்கு உள்ளேயும்
>
> பொள்ளாச்சி, 2014 ஜூன்: விடுதிக்குள் இரவில் நுழைந்தவர்களால் இரண்டு சிறுமிகள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்த ஆண்டே பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு இயற்றியது. விடுதி நடத்த உரிமம் கட்டாயமானது.
>
> ஆதம்பாக்கம், 2018 டிசம்பர்: உரிமம் இல்லாமல் நடந்த பெண்கள் விடுதியில் ரகசிய கேமராக்கள். கண்டுபிடித்தவர்கள் அங்கே தங்கியிருந்த பெண்களே. விடுதியை நடத்தியவர் கைதானார்.
>
> மதுரை கட்ராபாளையம், 2024 செப்டம்பர்: பெண்கள் விடுதியில் அதிகாலைத் தீ விபத்து. இரண்டு பெண்கள் உயிரிழந்தனர்.

அப்பா எதற்குப் பயப்படுகிறார்?

பெற்றோரின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. செய்தித்தாளைத் திறந்தால் வரும் செய்திகள் அப்படி. மகளை முதன்முறையாக ஊருக்கு அனுப்பும் ஒரு விவசாயக் கூலிக்கு, “எட்டு மணிக்குப் பூட்டிடுவோம் சார்” என்ற வார்டனின் வாக்கு கொடுக்கும் தெம்பு பெரியது. அந்தப் பூட்டை நம்பித்தான் பல பெண்கள் அனுப்பப்படுகிறார்கள் என்பதும் உண்மை.

ஆனால் பயத்தில் இரண்டு வகை கலந்திருக்கிறது. மகளுக்கு யாராவது கெடுதல் செய்துவிடுவார்களோ என்பது ஒன்று. மகள் யாரையாவது விரும்பிவிடுவாளோ என்பது இன்னொன்று. அதிலும் வேறு சாதிப் பையனை. பின்னதை யாரும் விண்ணப்பப் படிவத்தில் எழுதுவதில்லை. எல்லாமே ‘பாதுகாப்பு’ என்ற ஒரே தலைப்பில் வந்துவிடுகிறது. பார்வையாளர் பட்டியலில் பையன்கள் பெயர் கூடாது, மொட்டை மாடியில் போன் பேசக் கூடாது, இன்ன உடையில் மெஸ்ஸுக்கு வரக் கூடாது என்ற விதிகளெல்லாம் எந்தத் திருடனையும் தடுப்பதற்கானவை அல்ல. சாதியைக் காப்பாற்றும் வேலையைக் கல்வி நிறுவனம் வீட்டிடமிருந்து வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறது. அதை மறுக்க வேண்டிய இடம் கல்லூரி.

வார்டன்கள் நிலைமையும் பரிதாபம்தான். குறைந்த சம்பளம், நூற்றுக்கணக்கான பெண்கள், இரவெல்லாம் விழிப்பு. ஏதாவது நடந்தால் முதலில் வேலை போவது அவருக்கு. பூட்டு ஒன்றுதான் அவர் கையில் இருக்கும் கருவி. இரவுக் காவலுக்கு இரண்டு ஆள், அவசரத்துக்கு ஒரு வண்டி, ஷிப்ட் முறையில் இன்னொரு வார்டன் என்று கேட்டால் நிர்வாகம் பட்ஜெட் இல்லை என்கிறது. பூட்டு மலிவு.

விடுதிக்கு வெளியே போனால்?

“விதி பிடிக்கலைன்னா வெளியே வீடு எடுத்துத் தங்கலாமே” என்பார்கள். முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். “ஃபேமிலிக்கு மட்டும்” என்ற பலகை பாதி வீடுகளில். மீதியில் சாதி விசாரணை, அசைவம் சமைப்பீர்களா என்ற விசாரணை. முஸ்லிம் பெண்ணுக்கும் தலித் பெண்ணுக்கும் பெயரைச் சொன்னதுமே “இப்பத்தான் வேற ஆளுக்குக் கொடுத்தோம்” என்ற பதில். கடைசியில் தனியார் பி.ஜி.தான். அறைக்கு மூன்று, நான்கு கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு, அங்கேயும் ஒரு கேட்.

விடுதிக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. உண்டா என்ற குழப்பம் சில ஆண்டுகள் நீடித்தது. பெண்கள் தங்கும் விடுதியும் குடியிருப்பே, வரி கூடாது என்று 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஜூனில் ஜி.எஸ்.டி. மன்றமும், 90 நாள் தொடர்ந்து தங்குபவருக்கு மாதம் 20,000 ரூபாய் வரை விலக்குக் கொடுத்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று அரசின் ‘தோழி’ விடுதிகள் பயோமெட்ரிக் நுழைவு, இருபத்து நான்கு மணி நேரக் காவல், வைஃபை, துணி துவைக்கும் இயந்திரம் என்று பல ஊர்களில் நடக்கின்றன. கௌரவமான இடங்கள். காவலுக்கு ஆள் போட்டு, வருபவரை அடையாளம் கண்டு உள்ளே விடுவது அரசால் முடியும் என்பதற்கு அவையே சாட்சி. கல்லூரி மாணவிக்கு மட்டும் அது ஏன் முடியாது?

சேர்க்கைக் காலத்தில் கேட்க

ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூனில் விடுதி அலுவலகங்களின் முன்னால் அப்பாக்களும் அம்மாக்களும் வரிசையில் நிற்பார்கள். “எவ்வளவு ஸ்ட்ரிக்ட்?” என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. அதைவிட அவசியமான கேள்விகள் இருக்கின்றன. விடுதிக்கு உரிமம் இருக்கிறதா, இருந்தால் அதன் நகலைக் காட்டுங்கள். தீ பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி எங்கே, அதன் சாவி யாரிடம்? பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் எந்தச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது? பேருந்து நிறுத்தத்திலிருந்து கேட் வரை விளக்கு எரிகிறதா? ஆண்கள் விடுதியின் நேரம் என்ன, பெண்களுக்கு வேறு நேரம் என்றால் அதை எழுத்தில் கொடுப்பீர்களா? என் மகளின் ரயில் தாமதமாகி அவள் இரவு பத்தரைக்கு வந்து நின்றால் கேட்டைத் திறக்கப்போவது யார், அவருடைய போன் எண் என்ன?